பத்துக்குப் பூஜ்யம்

ஏப்ரல் 9

இந்த நோட்டு நானாக ஆரம்பித்ததில்லை. ஷமீமா என்கிற பெண் எழுதச் சொல்லியிருக்கிறாள். காலையில் எழுந்ததும் குதிகால் வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று தினமும் குறித்து வர வேண்டுமாம். பள்ளிக்கூடத்தில் எல்லா டீச்சரும் மார்க் போடுவார்கள், பி.டி. டீச்சரிடம் மட்டும் எவரும் பேப்பரை நீட்டியதில்லை. ஓய்வு பெறப்போகிற வயதில் என் காலுக்கே மார்க் போடுகிற யோகம் வந்திருக்கிறது.

இன்றைக்கு எட்டு. இடது குதிகால். கட்டிலை விட்டு இறங்கி ஊன்றியதும் உயிர் போய் உயிர் வருகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்பங்கரை வரை நொண்டினால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். மைதானத்தில் ஒரு பீரியட் நின்றால் மறுபடி ஆரம்பித்துவிடும். கோ-கோ பிள்ளைகளில் ஒருத்தி என் பின்னால் என்னைப் போலவே நொண்டிக் காட்டி மற்றவர்களைச் சிரிக்க வைத்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். நாலு போட்டிருப்பேன், ஓடிப் பிடிக்கக் கால் வேண்டுமே. ஹெச்.எம். வேறு, ஜூலையில் மாநிலப் போட்டிக்குப் பிள்ளைகளை வேறு யாராவது கூட்டிப்போகட்டுமா டீச்சர் என்று இனிக்க இனிக்கக் கேட்கிறாள். இந்தத் தென்காசியில் உலகம்மாள் டீச்சர் விசிலுக்கு நிற்காத பிள்ளை உண்டா? நான் இல்லாமல் என் டீம் போவதா? காலைச் சரிபண்ணியே தீருவது என்றுதான் ஷமீமாவிடம் போனேன்.

அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவரவர் பாதத்துக்கு அளவெடுத்து, ஷூவுக்குள் வைக்கிற இன்சோல் செய்து கொடுப்பது அவள் வேலை. டப்பாவில் இருந்த மெத்தென்ற நுரைக்கட்டியில் ஒவ்வொரு காலாக அமுக்கச் சொன்னாள். பதிந்த அச்சைக் காட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடுவில் வளைவே இல்லை, செங்கல் மாதிரி ஒரே சமம். இது யார் கால் என்று கேட்டேன். உங்க கால்தான் டீச்சர் என்றாள். வளைவு இறங்கிப் போனதால் உள்ளங்காலில் ஓடுகிற நார் நடக்கும்போதெல்லாம் இழுபடுகிறதாம், அது குதிகாலில் ஒட்டியிருக்கும் இடத்தில்தான் வலியாம். வளைவுக்கு அடியில் முட்டுக் கொடுத்தால் இழுப்பு குறையும், உடம்புப் பாரமும் பாதம் முழுக்கப் பரவும் என்றாள். பந்தல் சரிந்தால் கம்பு நடுவது போலத்தான். புரிந்தது.

சுகர் இருக்கா என்றும் கேட்டாள். சேச்சே என்றேன். போன வருஷம் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டபோது கொஞ்சம் எட்டிப் பார்த்திருந்தது. எட்டிப் பார்ப்பதெல்லாம் இருப்பது ஆகுமா? ஒரு அட்டை மாத்திரை தின்றேன், போயிருக்கும்.

ஏப்ரல் 16

இன்சோல் வந்துவிட்டது. கான்வாஸ் ஷூவுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. முதல் நாள் ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். போட்டதும் நடுப்பாதத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை மிதித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. இடது காலில்தான் அப்படி. வலது காலில் ஒன்றும் தெரியவில்லை. வலது காலுக்கு நன்றாகப் பொருந்திவிட்டது போல.

வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டு நடங்கள் என்று ஷமீமா சொன்னதை இவரிடம் சொன்னேன். இவர் என்றால் குற்றாலலிங்கம், என் வீட்டுக்காரர். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து வீட்டைக் கூட்டித் துடைப்பதையே உத்தியோகமாக வைத்திருக்கிறார். என்னமோ சாமி படத்தின் மேலே நடக்கட்டுமா என்று கேட்டது மாதிரி பார்த்தார். சாமி இருக்கிற வீட்டில் ஷூவா என்றார். எனக்கும் மனசு ஒப்பவில்லைதான். வாசலை ஒட்டின தார்சாவில் கண்ணாடிக்குக் கீழே உள்ள ஸ்டாண்டோடு ஷூவுக்கு எல்லை. அதற்கு உள்ளே வெறுங்கால்.

மார்க்: ஏழு.

ஏப்ரல் 19

இடது தோட்டின் திருகாணியைக் காணோம். காலையில் பிள்ளைகளுக்குக் கோடைப் பயிற்சி இருக்கிறதே என்று அவசர அவசரமாகத் தார்சாக் கண்ணாடி முன்னால் நின்று தோட்டைப் போட்டேன். கையில் இருந்த திருகாணி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. குனிந்து தேடினேன், கிடைக்கவில்லை. ஷூவை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டேன்.

திரும்பி வருவதற்குள் இவர் தார்சாவைக் கூட்டி அள்ளிக் குப்பைவண்டியில் போட்டுவிட்டார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், கூட்டாமல் இருந்தால் என்ன? சாப்பாடு போட்டேன், பேசவில்லை.

ஏப்ரல் 20

திருகாணி இல்லை. மார்க் ஐந்து.

ஏப்ரல் 25

மார்க் நாலு. நடக்கும்போது குதிகால் தரையில் இடிக்காமல் யாரோ உள்ளங்கையில் தாங்கி வைப்பது போல இருக்கிறது. அந்தப் பெண் கையில் வித்தை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

இவர் ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டித் தார்சா மூலையெல்லாம் இழுத்துக்கொண்டு திரிகிறார். தங்கம் காந்தத்தில் ஒட்டாது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். சொன்னால், சும்மா இருக்கச் சொல்லுதியா என்கிறார். இரண்டு ஆணியும் ஒரு குண்டூசியும் கிடைத்தன.

துணி துவைத்தேன். வலது சாக்ஸில் முன்பக்கம் ஒரு பொட்டு அளவுக்குப் பழுப்புக் கறை. மைதானத்துச் செம்மண். எவ்வளவு கசக்கியும் போகவில்லை.

ஏப்ரல் 30

இரண்டு! காலையில் எழுந்து நேராக அடுப்பங்கரைக்கே நடந்துவிட்டேன். சுவரைத் தொடவில்லை. பின்னாலேயே வந்த இவர், யாருளா இது, என் பொண்டாட்டி மாதிரி இருக்கு என்றார். சிரிப்பு வந்துவிட்டது. திருகாணிக் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு வருஷமாகப் படுத்தால் இரண்டு பாதத்திலும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், சில நாள் எரியும். அதுவும் நின்றுவிட்டது. வலது காலில் சுத்தமாக இல்லை. ஒரு இன்சோலுக்கு இவ்வளவு சக்தியா?

வேண்டுதலை இப்போது எழுதலாம். வலி போனால் உலகம்மனுக்கு வெறுங்காலோடு வெளிப்பிரகாரம் பதினொரு சுற்று என்று பங்குனியிலேயே வேண்டிக்கொண்டேன். அவள் பேரைத்தானே எனக்கு வைத்திருக்கிறார்கள், கைவிடுவாளா?

மே 3

பத்துக்குப் பூஜ்யம்.

லாலாக் கடையில் ஜாங்கிரி வாங்கிவரச் சொல்லிச் சாப்பிட்டேன். எத்தனை என்று எழுத மாட்டேன். ஷமீமாவுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், இவ்வளவு சீக்கிரமா டீச்சர், ஒரு தடவை ஷூவோட வந்து காட்டுங்களேன் என்கிறாள். செய்து கொடுத்தவளுக்கே நம்பிக்கை இல்லை. வேண்டுதலை முடித்துவிட்டு வருகிறேன் என்று வைத்துவிட்டேன்.

மே 6

காலையிலேயே போயிருக்க வேண்டும். கேஸ்காரன் வந்தான், அப்புறம் தண்ணீர் திறந்துவிட்டார்கள், குடம் நிரப்பிக் கிளம்ப நேரமாகிவிட்டது. நடை சாத்துவதற்குள் முடிக்க வேண்டுமே என்று ஓடினேன்.

அக்கினி நட்சத்திர வெயில். வெளிப்பிரகாரக் கல் கொதிக்கிறது. வெள்ளைப் பெயிண்ட் அடித்த பட்டையிலும் நனைத்துப் போட்ட சாக்கிலும் ஜனங்கள் தாவித் தாவி ஓடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளை இடுப்பில் தூக்கி வைத்திருக்கிறார்கள். பட்டையில் நின்றால் முன்னால் போகிறவர் பின்னாலேயே ஊர்ந்து போக வேண்டும். நான் இறங்கிக் கல்லிலேயே நடந்தேன். இடது குதிகாலில் மட்டும் சுள்ளென்றது. வலது காலில் பாரத்தைப் போட்டு, கையை வீசி, அணிவகுப்பு நடை.

மூன்றாவது சுற்றில் ஒரு அம்மா என்னை நிறுத்தி, கல்லு சுடலியாம்மா என்று கேட்டாள். பி.டி. டீச்சர் காலுங்க, அப்படித்தான் இருக்கும் என்றேன். அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அம்மன் அருள் என்று நினைத்துவிட்டாள் போல. நானும் அப்படித்தான் நினைத்தேன். பதினொன்றையும் முடித்துவிட்டுத்தான் வந்தேன்.

மே 6, சாயங்காலம்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கோயிலில் இருந்து வந்து ஃப்ரிட்ஜில் தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தேன். இவர் துடைப்பத்தோடு வந்தார். தரையைப் பார்த்தபடி நின்றார்.

"ஏளா, காலக் கழுவிட்டா வந்தே?"

"இல்லியே."

"பின்ன இதென்னது ஈரமா?"

பார்த்தேன். தார்சாவில் இருந்து ஃப்ரிட்ஜுக்கு, ஃப்ரிட்ஜிலிருந்து நாற்காலிக்கு, வெள்ளை டைல்ஸில் ஈரக் காலடிகள். நாற்காலிக்குக் கீழே ஒரு சின்னக் குளம். குடத்துத் தண்ணியச் சிந்திட்டு என்னைச் சொல்லுதியளா என்று எரிந்து விழுந்தேன். அவர் கீழே உட்கார்ந்து என் வலது காலைத் தூக்கிப் பார்த்தார். பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது. எனக்குக் காட்டவும் மாட்டேன் என்கிறார், காலைக் கீழே விடவும் மாட்டேன் என்கிறார்.

தார்சாக் கண்ணாடியைக் கழற்றி எடுத்துவரச் சொல்லித்தான் பார்த்தேன். உள்ளங்கால் தோல் முழுக்கப் பொரித்த அப்பளம் மாதிரி எழும்பி, பாதி உரிந்து தொங்குகிறது. அடியில் சிவப்பு. அதிலிருந்து நீர் ஊறிச் சொட்டுகிறது. இடது காலிலும் விரல்பக்கம் கொப்புளம்.

எனக்கு வலிக்கவில்லை. அதுதான். வலிக்கவே இல்லை. வேறு யாருடைய காலையோ என் மடியில் வைத்துக் காட்டுவது போல இருந்தது.

ஆட்டோ வந்துவிட்டது.

மே 7

ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். சர்க்கரையைப் பார்த்துவிட்டு டாக்டர் எபனேசர் மறுபடியும் ஒரு தடவை பார்க்கச் சொன்னார். இரண்டு தடவையும் ஒன்றுதான். எத்தனை வருஷமா இருக்கு என்று கேட்டார். எட்டிப் பார்த்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கட்டுப் போடுவதற்கு முன்னால் ஒரு சோதனை. நைலான் நரம்பு மாதிரி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, புண் இல்லாத இடத்திலெல்லாம் தொடுவேன், தொடும்போதெல்லாம் ஆமாம் என்று சொல்லுங்கள் என்றார். கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். காத்திருந்தேன். வார்டில் எவனோ இருமுகிறான், ஃபேன் கிறீச்சிடுகிறது, இவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. டாக்டர் ஆரம்பிப்பதாகவே தெரியவில்லை.

"ஆரம்பிங்க டாக்டர்" என்றேன்.

"வலது கால முடிச்சிட்டேன்மா."

கண்ணைத் திறந்தேன். நரம்பு இன்னும் என் பெருவிரலில் வளைந்து அழுந்திக்கொண்டிருந்தது. கண்ணால் பார்க்கிறேன், காலுக்குத் தெரியவில்லை. இவர் சுவர்ப் பக்கம் திரும்பித் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

இடது காலில் விரல்களிலும் உணர்ச்சி போய்விட்டது. குதிகாலில் மட்டும் ஆமாம் என்றேன். அங்கே மட்டும்.

மே 8

ஷமீமா வந்தாள். இவர்தான் என் ஷூவை அவளிடம் கொண்டு காட்டியிருக்கிறார், அவள் ஷூவோடு ஓடிவந்திருக்கிறாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இடது ஷூவில் இருந்து இன்சோலை எடுத்துப் பார்த்தாள். தேய்ந்திருக்கிற விதம் சரியாக இருக்கிறது, குதிகாலுக்கு வேண்டிய வேலையை இது செய்திருக்கிறது என்றாள். பிறகு வலது ஷூவைக் கவிழ்த்துத் தட்டினாள்.

டிங் என்று டிரேயில் ஒன்று விழுந்தது.

என் திருகாணி.

ஷமீமா இன்சோலை வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டாவது விரலுக்கு அடியில் திருகாணி உட்கார்ந்திருந்த இடம் குழிந்து, சுற்றிலும் பழுப்பாக இருந்தது. அது செம்மண் இல்லை. அந்த ஷூவைப் போட்டுக்கொண்டுதான் மைதானத்தில் பிள்ளைகளோடு ஓடினேன். ஏணிப்படி ஏறினேன். பூஜ்யம் என்று எழுதினேன்.

"டீச்சர்" என்றாள் ஷமீமா. "ஒங்க இடது கால் வலியக் கொறச்சது நான் செஞ்ச இன்சோல்தான். வலது கால்ல நான் எதையும் கொறைக்கல. அங்க உணர்ச்சியே போயிருக்கு. சுகர் இருக்குன்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் மொதல்ல அதத்தான் பாத்திருப்பேன். தெனமும் ஷூவக் கவுத்துத் தட்டிட்டுப் போடுங்கன்னும் சொல்லியிருப்பேன்."

திட்டினால் தேவலை. அவள் அழுதாள். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

மே 9

எக்ஸ்ரே எடுத்தார்கள். திருகாணி போட்ட ஓட்டை எலும்பு வரை போயிருக்கிறது.

மே 10

விரலோடு போகுமா, காலோடு போகுமா என்று இவர் டாக்டரிடம் கேட்டது வராந்தாவில் இருந்து எனக்குக் கேட்டுவிட்டது. பதில் கேட்கவில்லை. உள்ளே வந்து, மழைக்கு மேகம் போட்டிருக்கு என்றார்.

மே 11

விரலோடுதான். இரண்டாவது விரலை எடுக்கிறார்கள். இன்றைக்கே.

நர்ஸ் வந்து மெட்டியைக் கழற்றச் சொன்னாள். முடியாது என்றேன். புருஷன் கல்லு மாதிரி பக்கத்தில் நிற்கும்போது மெட்டியை எதற்குக் கழற்றுவது? கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நர்ஸ் பாவம், விரலே போகப்போகுதும்மா என்று சொல்ல முடியாமல் நிற்கிறாள்.

"நாந்தானளா போட்டேன்" என்றார் இவர். "நானே கழத்துதேன்."

கல்யாணத்தன்று அம்மி பக்கத்தில் உட்கார்ந்து போட்டுவிட்டது போலவே கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தார். விரல் வீங்கியிருந்தது. சோப்புத் தண்ணீர் போட்டார், எண்ணெய் போட்டார், திருகித் திருகிப் பார்த்தார். கடைசியில் நர்ஸ் கட்டர் கொண்டுவந்து வெட்டினாள். வெட்டிய மெட்டியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போகப்போகிற அந்த விரலை அவர் கையால் பொத்தி வைத்துக்கொண்டார். அவர் பிடித்திருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர் கைச்சூடு எனக்குத் தெரியவில்லை.

இத்தனை நாள் அழவில்லை. அப்போது அழுதேன்.

மே 15

கால் இருக்கிறது. நாலு விரலோடு இருக்கிறது. டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து, புண் மேலே ஏறவில்லை, பிழைத்தீர்கள் என்றார். இன்சுலின் ஊசி காலையும் இரவும். ஜாங்கிரி என்ற வார்த்தையை இந்த நோட்டில் இதோடு எழுத மாட்டேன்.

மே 29

வீட்டுக்கு வந்துவிட்டேன். கட்டிலை விட்டு இறங்க உத்தரவில்லை. ஷமீமா வந்து கட்டிலில் வைத்தே காலுக்கு அச்சு எடுத்துப் போனாள். என்னிடம் இனிமேல் எதையும் மறைக்காதீர்கள் என்றாள். நேற்றுக் காப்பியில் அரை ஸ்பூன் சர்க்கரை போட்டதைச் சொன்னேன். அடிக்காத குறைதான்.

கோ-கோ பிள்ளைகள் பார்க்க வந்தார்கள். என்னைப் போல நொண்டிக் காட்டினவளும் வந்திருந்தாள். வாசல்படியைத் தாண்டவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு தேம்புகிறாள். வாளா இங்க என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன். போட்டிக்கு இவர்களோடு நான் போகப்போவதில்லை. ஹெச்.எம். போன் பண்ணினாள், வேறு டீச்சரை அனுப்பட்டும் என்று நானே சொல்லிவிட்டேன்.

ஜூன் 24

புதுக் காலணி வந்துவிட்டது. வெளியே போக ஒன்று, வீட்டுக்குள் போட ஒன்று. இரண்டிலும் என் பாதத்துக்கு அளவெடுத்த இன்சோல். வலது காலுடையதில் விரல் போன இடத்தில் ஒரு சின்னத் திண்டு வைத்திருக்கிறாள், மற்ற விரல்கள் அந்தப் பக்கம் சாயாமல் இருக்க. புண் ஆறின இடத்தில் பாரம் விழாமல் அங்கே மட்டும் குழித்திருக்கிறாள். இடது கால்ல வலியக் கொறைக்க, வலது கால்ல காலக் காப்பாத்த என்று சொல்லிக் கொடுத்தாள்.

வீட்டுச் செருப்பை நான் எங்கே வைப்பது என்று தயங்கினேன். இவர் வாங்கி, ஈரத்துணியால் அடியைத் துடைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டு வைத்தார். பூஜை அலமாரியைப் பார்த்தேன். சாமி ஒண்ணும் சொல்லாது, நான் பேசிட்டேன் என்றார்.

தார்சாக் கண்ணாடி இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. தினமும் இரண்டு வேளை அதைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். நான் ஒரு தடவை, அவர் ஒரு தடவை. கால் சொல்லாததைக் கண்தான் சொல்ல வேண்டும்.

ஜூன் 25

காலையில் தூக்கக் கலக்கம். செருப்பைப் போட மறந்து, பழக்கத்தில் கட்டிலில் இருந்து இறங்கி இடது காலை ஊன்றிவிட்டேன்.

குதிகாலில் சுரீர் என்று இழுத்தது. மண்டை வரை ஏறியது. ஐயோ என்று போட்ட சத்தத்தில் இவர் அடுப்பங்கரையில் இருந்து கரண்டியோடு ஓடிவந்தார். என்னளா, என்னாச்சு என்று அவர் முகமெல்லாம் வேர்த்துவிட்டது. நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சிரிக்கிறேன்.

"வலிக்குதுங்க" என்றேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு கரண்டியைக் கட்டிலில் போட்டுவிட்டு, குனிந்து செருப்பை என் காலில் மாட்டினார். இடது காலில் அவர் கை பட்டது தெரிந்தது. குதிகாலில் மட்டும், லேசாக, சூடாக.

"எத்தன மார்க்கு?" என்றார், நிமிராமல்.

"ஆறு."

"பாஸ்" என்றார்.